டிராப் ஆர்மும் சம்மட்டியும்

போன லீவில் பெரியப்பாவின் ஜீப்பை போடியில் ஒரு பட்டறையில் விட்டிருந்தோம். தாத்தா காலத்து மஹிந்திரா சிஜே 3பி. என்ஜின் மட்டும் எப்போதோ டீசலுக்கு மாறிவிட்டது, மற்றதெல்லாம் அப்படியே. ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தது. சீல் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் சீலைத் தொட வேண்டுமென்றால் முதலில் டிராப் ஆர்மைக் கழற்றியாக வேண்டும். நட்டு வந்துவிட்டது. ஆர்ம் அசையவே இல்லை.

அடுத்து நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். முதலில் சுத்தியல், பிறகு சம்மட்டி. அப்புறம் ஆர்முக்கும் பாக்ஸுக்கும் நடுவில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். கடைசியில் கேஸ் பற்றவைத்து, ஆர்ம் பழுத்துச் சிவக்கும்வரை காட்டி, மறுபடியும் சம்மட்டி. வந்துவிட்டது! எல்லோருக்கும் டீ சொன்னார்கள். நான் ஒருத்தன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். "காலேஜ்ல படிக்கிற தம்பிக்கு சத்தம் ஆகாது போல" என்று ஒரு அண்ணன் கிண்டலடித்தார்.

எனக்கு சத்தம் பிரச்சினை இல்லை. அதே ஆர்மைத் துடைத்துத் திரும்ப மாட்டப்போனார்களே, அதுதான் பிரச்சினை.

இதைப் படிக்கும் நம்ம கிளாஸ் மக்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பாக்ஸுக்குள் ஒரு ஷாஃப்ட் கொஞ்சமாகச் சுழலும். அதன் வெளிமுனையில் தொங்குவது டிராப் ஆர்ம். அது டிராக் லிங்கை இழுக்கும், லிங்க் பெல் கிராங்கைத் திருப்பும், அங்கிருந்து டை ராடுகள் வழியாக முன்சக்கரங்கள். ஷாஃப்ட் முனையில் பற்கள் உண்டு, அந்த முனை டேப்பராகவும் இருக்கும். நட்டை இறுக்க இறுக்க ஆர்ம் அதில் ஆப்பு மாதிரி ஏறி உட்கார்ந்துகொள்ளும். நட்டைக் கழற்றினாலும் தானாக இறங்காது. அது பழுது இல்லை, அப்படி இருக்கத்தான் அந்த டிசைன். அதன் மேல் முப்பது நாற்பது வருஷ மழைத் தண்ணியும் துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அதனால் இடுக்கில் பிடித்த துரு இன்னும் நெருக்கும்.

இப்போது சம்மட்டிக்கு வருவோம். ஷாஃப்ட் முனையில் அடித்தால் அந்த அடி எங்கே போகும்? உள்ளே போகும். மரை நசுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே நடப்பது தெரியாது. இந்த மாதிரி கேம் அண்ட் லீவர் பாக்ஸில் ஷாஃப்டோடு சேர்ந்த லீவரில் இரண்டு முளைகள் இருக்கும், அவை கேமின் பள்ளத்தில் ஓடும். கடப்பாரை கொடுத்து நெம்பினால் ஷாஃப்ட் வெளியே இழுபட்டு, அந்த முளைகள் கேமின் மேல் மோதும். ஒரு சின்னக் குழி விழுந்தால் போதும், பிறகு நேர் ரோட்டிலும் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். சீல் மாற்றப்போய் பாக்ஸையே கெடுத்த கதை.

புல்லர் செய்வது வேறு. அதன் கொக்கிகள் ஆர்மை வெளியே இழுக்கும், நடு ஸ்க்ரூ ஷாஃப்ட் முனையை உள்ளே தள்ளும். இரண்டு விசையும் சமம், எதிரெதிர், ஆர்முக்கும் ஷாஃப்டுக்கும் நடுவிலேயே முடிந்துபோகும். பாக்ஸுக்கு ஒன்றுமே தெரியாது. நியூட்டனின் மூன்றாம் விதியை இரண்டு மார்க்குக்கு மட்டும் எழுதிவிட்டு வந்த எனக்கு, இதை யோசித்தபோதுதான் உருப்படியாகப் புரிந்தது :-)

முறை இதுதான். சக்கரத்தை நேராக வைத்து, ஆர்மிலும் ஷாஃப்டிலும் சென்டர் பஞ்சால் ஒரே கோட்டில் புள்ளி குத்திக்கொள்ள வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் ஒரு பக்கம் வண்டி சரியாக ஒடியாது. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வைக்கலாம். நட்டை முழுக்கக் கழற்றிப் போடாமல் சில மரை பிடித்தபடி விட வேண்டும், ஆர்ம் பட்டென்று விடும்போது பறந்து வந்து காலில் விழாது. புல்லரை நன்றாக இறுக்கிவிட்டு, ஆர்மின் கண் இருக்கும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு தட்டு. ஆமாம், இங்கே சுத்தியல் வேலை செய்யும்! இழுவை இருக்கும்போது தட்டினால் டேப்பர் விட்டுக்கொடுக்கும். வரவில்லையா, இன்னும் கொஞ்சம் எண்ணெய், டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு அரைச் சுற்று.

சூடே கூடாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 12 மைக்ரான் விரியும். 30 மில்லிமீட்டர் துளை என்று வைத்துக்கொண்டால், 100 டிகிரி சூட்டில் 0.036 மில்லிமீட்டர் திறக்கும். துருப்பிடிப்பை உடைக்க அதுவே பெரிய உதவி. சீல் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது, அதனால் ஆர்மை மட்டும் மிதமாக, சட்டென்று சூடாக்குவதில் தப்பில்லை. ஆனால் இரும்பு மங்கலாகச் சிவக்கும்போதே 500 டிகிரி தாண்டியிருக்கும். பழுக்கக் காய்ச்சினால் ஃபோர்ஜ் செய்து பதம் ஏற்றிய ஆர்மின் பதம் போய்விடும். அது கழன்று வரும், ஆனால் திரும்ப மாட்டும் தகுதியோடு வராது.

"நாங்க காலங்காலமா இப்படித்தான் அடிக்கிறோம், ஒண்ணும் ஆகலையே" என்றார் மேஸ்திரி. நான் அவரைக் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு வேலைக்குத்தான் காசு, மணிக்கணக்குக்கு இல்லை. பக்கத்தில் வண்டிக்காரர் "ஆச்சா, ஆச்சா" என்று நின்றுகொண்டிருப்பார் (எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான் நின்றார்). எண்ணெய் ஊறட்டும், நாளைக்கு வாங்க என்று சொன்னால் வண்டி அடுத்த பட்டறைக்குப் போய்விடும். பாதித் தப்பு நம்முடையது. ஆனால் ஒரு புல்லரை வாங்கி மாட்டி வைக்காததற்கு இது சாக்கு ஆகாது. கடையில் வாங்க மனமில்லையா, கனத்த பிளேட்டை யு மாதிரி வெட்டி நடுவில் ஒரு போல்ட் வைத்து லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

'ஒண்ணும் ஆகலை' என்பதையும் நான் ஏற்கமாட்டேன். விரிசல் விழுந்த ஆர்ம் அன்றைக்கே உடையாது. ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு வளைவிலும் நூலளவு நூலளவாக வளர்ந்துகொண்டே போகும். பிரேக் போனால் ஹேண்ட் பிரேக் இருக்கிறது, கியரைக் குறைக்கலாம். ஸ்டீயரிங்குக்கு அப்படி மாற்று ஒன்றும் கிடையாது. டிராப் ஆர்ம் போனால் கையில் இருப்பது வெறும் வட்டம். போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவு. விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களைத் தூக்குச்சட்டியும் கையுமாக நெருக்கி ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் ஏறுவது இந்த மாதிரி ஜீப்புகள்தான். அவர்களில் யாருக்கும் தாங்கள் போகிற வண்டியின் டிராப் ஆர்ம் எப்படிக் கழற்றப்பட்டது என்று தெரியாது.

அன்றைக்கு ஒரு வழியாகப் பெரியப்பாவைப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். புது ஆர்ம் வாங்கினோம். பாக்ஸைத் திறந்தபோது ஒரு முளையின் ஓரம் சிதைந்திருந்தது, அந்தச் செலவு தனி. 'படிக்க வச்சதுக்கு வட்டியா' என்று ஊர் வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தார்.

ஆனால் மறுநாள் காலையில் பழைய ஆர்மை எடுத்துக்கொண்டு அவரே லேத்துக்குப் போய் ரெண்டாக அறுத்து வாங்கி வந்தார். அப்படியே பழைய இரும்புக் கடையில் போட்டால் யாராவது துடைத்து இன்னொரு ஜீப்பில் மாட்டிவிடுவார்களாம்.