ஆடுபவர் ஆக்குபவராகலாம்

“எந்நேரமும் கைப்பேசியில் என்ன விளையாட்டு?” பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கிள்ளான் அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் கேள்வி இது. பெற்றோரின் கவலை நியாயமானதே. அளவுக்கு மீறி விளையாடினால் உறக்கமும் படிப்பும் கெடும். ஆயினும், கைப்பேசியைப் பறித்து வைப்பது மட்டும் தீர்வாகாது. தாம் ஆடிய விளையாட்டை விமர்சித்து எழுதப் பிள்ளைகளைப் பழக்குவதே அதைவிடச் சிறந்த வழியாகும்.

இதற்கு ஜப்பானியரான சத்தோஷி தஜிரி நல்ல சான்று. சிறுவயதில் வயல்வெளிகளிலும் குளக்கரைகளிலும் பூச்சி பிடித்துத் திரிந்தவர் அவர். அவ்விடங்களில் கட்டடங்கள் எழும்பிய காலத்தில், அவருடைய ஆர்வம் விளையாட்டு மையங்களின் பக்கம் திரும்பியது. 1983ஆம் ஆண்டில், பதின்ம வயதிலேயே, ‘கேம் ஃபிரீக்’ என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். கையால் எழுதிய தாள்களைப் படியெடுத்து, கம்பி ஊசியால் பிணைத்து விற்றார். விளையாட்டுகளின் நுணுக்கங்களையும் வெல்லும் வழிகளையும் அதில் விளக்கினார். அவ்விதழைக் கடையில் கண்ட கென் சுகிமோரி, ஓவியராக வந்து இணைந்தார்.

எழுத எழுத, வெளிவரும் விளையாட்டுகளில் பல தரமாக இல்லை என்பதைத் தஜிரி உணர்ந்தார். குறை கூறுவதோடு அவர் நின்றுவிடவில்லை. விளையாட்டுக் கருவியைப் பிரித்து, அது இயங்கும் முறையை ஆராய்ந்தார். நிரல் எழுதவும் கற்றார். 1989ஆம் ஆண்டில் அச்சிற்றிதழின் பெயரிலேயே ஒரு நிறுவனம் பிறந்தது. ஏறத்தாழ ஆறாண்டு உழைப்பிற்குப் பின், 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் ‘போக்கிமோன்’ விளையாட்டு வெளிவந்தது. பூச்சிகளைத் தேடிச் சேர்த்த இளமை அனுபவமே அதன் கருவானது.

தஜிரி வகுப்புக்குச் செல்லாமல் விளையாடப் போனதும் உண்டு. அதை மாணவர்கள் பின்பற்ற வேண்டியதில்லை. பின்பற்ற வேண்டியது அவருடைய எழுதும் பழக்கத்தையே. “இந்த விளையாட்டு நன்றாக இருக்கிறது” என்பது விமர்சனம் ஆகாது. “மூன்றாம் கட்டத்தில் தோற்றால் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டியுள்ளது, அதனால் சலிப்பு ஏற்படுகிறது” என்பதே விமர்சனம். இவ்வாறு எழுத, கூர்ந்து கவனிக்க வேண்டும். காரணத்தைக் கண்டறிய வேண்டும். பிறருக்குப் புரியும் சொற்களில் கூற வேண்டும். விளையாட்டை உருவாக்குபவருக்கும் இத்திறன்களே தேவைப்படுகின்றன.

மேலும், விமர்சிக்கத் தெரிந்தவர் எளிதில் ஏமாறமாட்டார். நாள்தோறும் பரிசு தருவதாக அழைப்பது ஏன்? வெற்றி பெறும் வேளையில் பணம் கேட்பது ஏன்? இவ்வாறு கேட்கத் தொடங்கும் மாணவர், விளையாட்டு தம்மை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதைப் புரிந்துகொள்வார். பெற்றோர் அதட்டிக் கற்பிக்க முடியாத கட்டுப்பாட்டை அப்புரிதல் கற்பித்துவிடும்.

விளையாட்டுகளை உருவாக்குவது மலேசியர்களுக்கு எட்டாத துறையன்று. ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேண்டசி 15’ உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய வான் ஹஸ்மர், நாடு திரும்பித் தொடங்கிய நிறுவனம் 2020இல் ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ விளையாட்டை வெளியிட்டது. தமிழர் வாழ்வும் இத்துறையில் இடம்பிடித்துள்ளது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதையைக் கூறும் ‘வெண்பா’ 2023இல் வெளிவந்தது. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டில் விடுபட்டவற்றை ஊகித்து இட்லி அவிப்பதும் அதில் ஓர் ஆட்டமாகும். அவ்விளையாட்டு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது.

விமர்சனம் எழுதும் எல்லாரும் விளையாட்டுகளை உருவாக்கப் போவதில்லை. எனினும், எழுதும் எவருக்கும் சிந்தனைத் தெளிவும் மொழிவளமும் மிஞ்சும். பள்ளித் தமிழ்மொழிக் கழகங்கள் தங்கள் அறிவிப்புப் பலகையில் நூல் விமர்சனத்துடன் விளையாட்டு விமர்சனத்திற்கும் ஓர் இடம் ஒதுக்கலாம். வீட்டில் பெற்றோரும் “எவ்வளவு நேரம் விளையாடினாய்?” என்று கேட்பதோடு, “அதில் என்ன குறை கண்டாய்? நீயாக இருந்தால் எப்படி மாற்றுவாய்?” என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, ஆடுபவர் நிலையிலிருந்து ஆக்குபவர் நிலைக்கு முதல் அடியை எடுத்து வைக்கிறது.