ஒரு நாளைக்குரிய எண்ணெய்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாம் குடில் அமைக்கத் தொடங்கும் நாட்களை ஒட்டியே யூத மக்கள் தம் இல்லங்களில் எட்டு நாள் விளக்கேற்றுகின்றனர். முதல் நாள் மாலை ஒரு சுடர், மறுநாள் இரண்டு, எட்டாம் நாள் எட்டு. எபிரேய மொழியில் இவ்விழாவுக்கு ஹனுக்கா என்று பெயர். அர்ப்பணம் என்பது பொருள். இதனைப் பற்றி எழுதுமாறு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எண்ணெய் தீராமல் எரிந்த புதுமையை, கடவுளை நம்பியோர் கைவிடப்படார் என்பதற்குச் சான்றாக நம் கூட்டங்களில் எடுத்துரைக்கலாமா என்பது அவருடைய வினா. தாராளமாக எடுத்துரைக்கலாம். ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். அரைகுறையாகச் சொல்லப்படும் புதுமை சிலரைத் தேற்றும்; வேறு சிலரை ஆறாத அளவுக்குப் புண்படுத்தும்.

இவ்விழாவின் வரலாறு மக்கபேயர் முதல் நூலில் இருக்கிறது. யூதர்களின் மறைநூல் தொகுப்பில் அந்நூல் இல்லை. அவர்களது விழாவின் வரலாற்றை நம் விவிலியம் காத்து வருகிறது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. கி.மு. 167ஆம் ஆண்டில் சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கு மன்னன் எருசலேம் கோவிலின் பலிபீடத்தின்மேல் வேற்றுத் தெய்வத்துக்குப் பீடம் எழுப்பினான். ஓய்வுநாளை அனுசரிப்பதும் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்வதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின. மோதயின் ஊரைச் சேர்ந்த குரு மத்தத்தியா தம் ஐந்து புதல்வரோடு மலைக்கு ஓடினார். அவருக்குப் பின் தலைமை ஏற்ற யூதா மக்கபே, எம்மாவு, பெத்சூர் ஆகிய இடங்களில் வென்று, கி.மு. 164இல் எருசலேமுக்குள் நுழைந்தார். கோவில் வாயில்கள் எரிந்து கிடந்தன. முற்றங்களில் காடுபோலப் புதர் மண்டியிருந்தது. கண்டவர்கள் ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுதனர். அழுது முடித்தபின் துப்புரவு செய்யத் தொடங்கினர்.

அப்பொழுது ஒரு சிக்கல் எழுந்தது. தீட்டுப்பட்ட பலிபீடத்தை என்ன செய்வது? இடித்துவிட்டார்கள். அந்தக் கற்கள்? ஒருகாலத்தில் ஆண்டவருக்குப் பலி செலுத்தப்பட்ட கற்கள் அல்லவா? தூக்கி எறியவும் மனம் வரவில்லை. மீண்டும் பயன்படுத்தவும் துணிவில்லை. இறைவாக்கினர் ஒருவர் தோன்றி வழி சொல்லும்வரை இருக்கட்டும் என்று கோவில் மலையிலேயே தக்க இடத்தில் அவற்றை வைத்துவிட்டு, புதிய கற்களால் பீடம் கட்டினார்கள். நமக்கு இந்நூலில் மிகவும் பிடித்த இடம் இது. விடை தெரியாததை, தெரிந்ததுபோல் காட்டித் தீர்த்துவிடவில்லை. அந்நூல் முடியும்வரை அந்த இறைவாக்கினர் வரவுமில்லை.

சரி, எண்ணெய் எங்கே? மக்கபேயர் முதல் நூலில் விளக்குத்தண்டு உண்டு, ஏற்றிய விளக்குகள் உண்டு, எட்டு நாள் மகிழ்ச்சி உண்டு. தீராத எண்ணெய் இல்லை. இரண்டாம் நூலிலும் இல்லை. மலைகளிலும் குகைகளிலும் அலைந்தபோது முறையாகக் கொண்டாட இயலாமற்போன கூடாரத் திருவிழாவை நினைந்து எட்டு நாள் கொண்டாடினர் என்றே அது கூறுகிறது. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு இதனை விளக்குகளின் விழா என்று குறிப்பிட்டும் எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை. கி.பி. 500ஐ ஒட்டி முழுமை பெற்ற பாபிலோனியத் தல்மூத்தில்தான் நாம் கேள்விப்பட்ட செய்தி வருகிறது: பகைவர் கோவில் எண்ணெய் அனைத்தையும் தீட்டாக்கியிருந்தனர்; தலைமைக் குருவின் முத்திரை கலையாத குப்பி ஒன்றே அகப்பட்டது; அதில் ஒரு நாளைக்குரிய எண்ணெயே இருந்தது; அது எட்டு நாள் எரிந்தது.

அப்படியானால் இது கட்டுக்கதையா என்று அவசரப்பட வேண்டாம். யூத மக்கள் வழிவழியாகப் போற்றிய நினைவை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. போரில் வென்ற ஓர் இனம் தன் வெற்றியின் அடையாளமாக வாளை விடுத்து ஒரு சிறு குப்பி எண்ணெயைத் தேர்ந்துகொண்டதே, அதுவே நம் மதிப்புக்குரியது.

யூத அறிஞர்கள் இச்செய்தியைக் கேள்வி கேளாமல் விழுங்கியவர்களும் அல்லர். 16ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ என்னும் சட்ட அறிஞர் நுட்பமான ஐயம் ஒன்றை எழுப்பினார். ஒரு நாளைக்கு வேண்டிய எண்ணெய் முதல் நாள் எரிந்தது இயற்கைதானே? புதுமை ஏழு நாளுக்கு மட்டுமே. விழா ஏன் எட்டு நாள்? இதற்கு அவரும் அவருக்குப் பின் வந்தோரும் தந்த விடைகள் ஏராளம். அவற்றையெல்லாம் இங்கே எழுதப் புகுந்தால் இந்த இதழ் போதாது. நம் மனத்துக்கு இசைந்த விடை எளிது: நாளைக்கு எண்ணெய் இல்லை என்று அறிந்தும் இன்று திரியைக் கொளுத்தினார்களே, அந்த முதல் நாளும் கொண்டாடத் தக்கதே. எட்டு நாள் எரியும் என்று அவர்களுக்கு எவரும் வாக்களிக்கவில்லை. எரிந்தால்தான் நம்புவோம் என்று அவர்களும் கூறவில்லை.

12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிதஸ் இன்னும் ஒரு செய்தி சேர்க்கிறார். ஒலிவக் காய்களை நசுக்கித் தூய எண்ணெய் எடுக்கும்வரை அந்த விளக்கு எரிந்ததாம். அதாவது, உள்ளே புதுமை நடந்துகொண்டிருந்த நாட்களில் வெளியே ஒலிவம் பிழிந்துகொண்டிருந்தார்கள்! புதுமைக்காக மருந்தை நிறுத்திவிடும் அன்பர்கள் இதைச் சற்றுக் கவனிக்க. விளக்குத்தண்டைப் பற்றியும் தல்மூத்தில் ஒரு குறிப்பு உண்டு. பழைய பொன் விளக்குத்தண்டை அந்தியோக்கு கொள்ளையிட்டுச் சென்றிருந்தான். ஆகவே முதலில் இரும்புக் கம்பிகளைக் கொண்டு ஒன்று செய்தார்களாம். வசதி வந்ததும் வெள்ளியில், பின்னர் பொன்னில். வெள்ளி விளக்கு வாங்க நன்கொடை சேரும்வரை காத்திருந்தால், நம் பங்குகளில் சில பணிகள் காத்துக்கொண்டிருப்பதுபோல், அவர்களும் காத்தே இருந்திருப்பார்கள்.

இனிப் பலரும் சொல்லாமல் விடும் பகுதிக்கு வருவோம். விளக்கு எரிந்த அந்த எட்டு நாளும் எருசலேமின் அக்ரா கோட்டை பகைவர் கையில்தான் இருந்தது. கோவிலைத் தூய்மை செய்யும்போது கோட்டையிலிருந்தோரை எதிர்த்து நிற்க யூதா ஒரு படையை நிறுத்த வேண்டியதாயிற்று. அக்கோட்டை கி.மு. 141இல்தான் யூதாவின் சகோதரர் சீமோனிடம் வீழ்ந்தது. 23 ஆண்டுகள்! யூதா அதைக் காணவில்லை, கி.மு. 160இல் போர்க்களத்தில் மாண்டார். அவருக்கு முன்பே மற்றொரு சகோதரர் எலயாசர், தாம் குத்திக் கொன்ற போர் யானை தம்மேல் விழுந்து இறந்தார்.

1931ஆம் ஆண்டில், ஜெர்மனியின் கீல் நகரில், யூத குரு ஒருவரின் துணைவியார் ராகேல் போஸ்னர் தம் வீட்டுச் சன்னலில் வைத்த ஹனுக்கா விளக்கை நிழற்படம் எடுத்தார். தெருவுக்கு எதிர்ப்புறக் கட்டடத்தில் நாசிக் கட்சிக் கொடி தொங்குவது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அக்குடும்பம் 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி உயிர் தப்பியது. தப்பாதவர் ஏறத்தாழ 60 இலட்சம். அவர்களுள் எத்தனையோ பேரின் சன்னல்களிலும் அதே விளக்கு எரிந்ததே!

இவ்வினா மக்கபேயர் நூலுக்கும் புதிதன்று. ஆயிரம் பேர், மனைவி மக்களோடும் கால்நடைகளோடும், பாலைநிலத்து மறைவிடங்களில் ஒளிந்திருந்தனர். பகைவர் ஓய்வுநாளில் வந்து தாக்கினர். ஓய்வுநாளை மீற மாட்டோம் என்று அவர்கள் ஒரு கல்லைக்கூட எறியவில்லை. அத்தனை பேரும் மடிந்தனர். கோவிலில் விளக்கேற்றியவர்களின் நம்பிக்கையைவிட இவர்களது நம்பிக்கை குறைந்ததா? எந்தத் தராசில் நிறுத்துச் சொல்வது? செய்தி கேட்ட மத்தத்தியா அவர்களைக் குறைகூறவில்லை என்பதை நோக்குக. அவர்களுக்காகப் பெரிதும் துக்கம் கொண்டாடினார். பிறகு, இனி ஓய்வுநாளிலும் எதிர்த்து நிற்பது என்று தம் தோழர்களோடு முடிவு செய்தார்.

இதை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் உண்டு. நோயுற்ற தம் மகனுக்காக ஒரு நவநாள்கூடத் தவறாமல் கோவிலுக்கு வந்த தாய் ஒருவரை நாம் அறிவோம். மருத்துவமும் பார்த்தார், நேர்ச்சையும் செய்தார். மகன் இறந்தான். துக்க வீட்டுக்கு வந்த பக்தர் ஒருவர், முழு விசுவாசத்தோடு கேட்டிருந்தால் ஆண்டவர் மறுத்திருக்க மாட்டார் என்று ஆறுதல்போலக் கூறிச் சென்றார். எண்ணெய்க் குப்பியை மட்டும் படித்தவர் போலும்! அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அத்தாய் நம் இல்லத்துக்கு வந்து, "சாமி, எம் விசுவாசந்தான் பத்தாமப் போச்சா?" என்று கேட்டார்.

அவருடைய மகன் ஏன் பிழைக்கவில்லை என்பதை இடித்த பீடத்தின் கற்களோடு வைப்பதைத் தவிர வேறு நேர்மையான வழி நமக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்டது அதுவன்று. தம் விசுவாசம் குறைவா என்று கேட்டார். அதற்கு மறுமொழி உண்டு.

இந்த அர்ப்பண விழாவின்போதுதான், குளிர்காலத்தில், நம் ஆண்டவர் சாலமோன் மண்டபத்தில் உலவினார் என்று அருளப்பர் தம் பத்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். மக்கள் சூழ்ந்துகொண்டு, நீர் மெசியாவா, வெளிப்படையாகச் சொல்லும் என்று வற்புறுத்தினர். விடை பிடிக்காமல் கல்லெடுத்தனர். அவர் யோர்தானைக் கடந்து சென்று தங்கினார். பதினோராம் அதிகாரம் இலாசரின் நோயோடு தொடங்குகிறது. சகோதரிகள் ஆள் அனுப்பியும் ஆண்டவர் இரண்டு நாள் தாமதித்தார். அவர் பெத்தானியாவுக்கு வந்தபோது இலாசர் கல்லறையில் நான்கு நாளாயிற்று. நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டானே என்று மார்த்தா முறையிட்டாள். மரியாளும் காலில் விழுந்து அதையே சொன்னாள். ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் குறைந்தவளே என்றும் சொல்லவில்லை. அவனை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். பிறகு அழுதார்.

அப்பகுதியை அத்தாய்க்கு வாசித்துக் காட்டினோம். வேறு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. வெயில் தாழ்ந்தபின் அவரோடு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து சென்று, புது மண்ணின் அருகே நின்று செபமாலை சொல்லித் திரும்பினோம்.