பெந்தம் ஹூக்கர் சாலை

ஒருவர் கல்லூரியில் தாவரவியல் படித்தவரா என்று தெரிய வேண்டுமானால் அவர் காதில் ‘பெந்தம் ஹூக்கர்’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளித்தால் படித்தவர். அந்த இருவரும் செய்த தாவர வகைப்பாட்டில் மொத்தம் 202 குடும்பங்கள். இருவித்திலைத் தாவரங்கள் 165, ஜிம்னோஸ்பெர்ம் 3, ஒருவித்திலை 34. வீட்டுக்காரம்மாவின் கைபேசி எண் நிற்காத இந்தத் தலையில் இது மட்டும் அப்படியே கிடக்கிறது. பெரிய கேள்வியாக வரும், நிறைகுறைகளோடு எழுத வேண்டும். குறைகளில் முதலாவது, ஜிம்னோஸ்பெர்ம்களைக் கொண்டுபோய் இருவித்திலைக்கும் ஒருவித்திலைக்கும் நடுவே வைத்தது. ஏன் அது குறை என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

“மாமா, நீங்க மனப்பாடம் பண்ணின பெந்தம் ஹூக்கர் இங்க ரோடாவே கிடக்கு” என்று போன மாதம் நண்பரின் மகள் தொலைபேசியில் சொன்னாள். ஹார்வர்டு பல்கலைக்கழகம் பாஸ்டனில் நடத்துகிற அர்னால்டு மரப்பூங்காவில் அவள் இந்தக் கோடைக்கு இன்டர்ன்.

1872-இல் தொடங்கியது அந்தப் பூங்கா. 281 ஏக்கர். முதல் இயக்குநர் சார்லஸ் ஸ்ப்ரேக் சார்ஜென்ட். சாலைகளை வகுக்க அவருக்குத் துணைநின்றவர், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெட். 1882-இல் நிலம் பாஸ்டன் நகரத்தின் கைக்குப் போய், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கே ஆயிரம் ஆண்டுக் குத்தகையாகத் திரும்பி வந்தது. வாடகை ஆண்டுக்கு ஒரு டாலர். நம்மூரில் 99 வருடக் குத்தகை முடிவதற்குள் மூன்று தலைமுறை கோர்ட் வாசலில் நிற்கிறது. அது வேறு கதை.

பெந்தமும் ஹூக்கரும் எழுதிய ‘ஜெனெரா பிளான்டாரம்’ 1862 முதல் 1883 வரை வெளிவந்தது. பூங்கா போடப்பட்ட காலத்தில் அதுதான் புத்தம் புது விஞ்ஞானம். அதனால் வண்டிப்பாதையின் இருபுறமும் அதே வரிசையில் மரங்களை நட்டார்கள். வாசலருகே மக்னோலியா. கொஞ்சம் நடந்தால் லிண்டன், மேப்பிள். அப்புறம் லைலாக். தொலைகோடியில் பைன் முதலான ஊசியிலை மரங்கள், அதாவது ஜிம்னோஸ்பெர்ம்கள். தென்னையும் பனையும் பாஸ்டன் பனிக்கு நிற்காது என்பதால் ஒருவித்திலைக்கு அங்கே அநேகமாக வேலையில்லை. ஆகவே நாங்கள் பக்கம் பக்கமாக எழுதிய அந்த முதல் குறை, தரையில் கண்ணுக்கே தெரிவதில்லை! இன்றைக்கு டிஎன்ஏவை வைத்து வகைப்பாட்டையே திருப்பிப் போட்டுவிட்டார்கள். பாடப்புத்தகத்தை அடுத்த வருடம் மாற்றி அச்சடிக்கலாம். நூறு வயது ஓக்கை யார் பெயர்த்து நடுவது?

மகள் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று அவளுடைய அம்மா எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அவள் செய்வது களையெடுப்பு. மூடாக்குப் போடுவது, கவாத்துக்குக் கைகொடுப்பது, இளம் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமப்பது. காலையில் பூட்ஸ் போட்டால் மாலையில்தான் கழற்றுகிறாள். பட்டதாரிக்கு இது தேவையா என்று அம்மா வருத்தப்பட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நான் அந்த அம்மா கட்சி இல்லை.

பூவை வைத்துச் செடியை அடையாளம் சொல்வது எளிது. களையெடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டு இலை விட்ட முளையைப் பார்த்தே இது இருக்க வேண்டியதா, பிடுங்க வேண்டியதா என்று முடிவெடுக்க வேண்டும். தவறினால் எங்கோ மலையில் விதை பொறுக்கி, நாற்றாக்கி, வளர்த்தது போயே போச்சு. அங்கே மரங்களைச் சுற்றி நெரிக்கும் கொடி ஒன்று உண்டு, கிழக்காசியாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுபோனது. நம் நாட்டு மருந்துக்கடைகளில் கிடைக்கும் வாலுளுவைக்கு நெருங்கிய சொந்தம். அதை வேரோடு பிடுங்கும் கை, பாயிசன் ஐவி என்ற மூன்றிலைச் செடியைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் தோல் கொப்பளித்துவிடும்.

“சேராங்கொட்டைப் பால் பட்ட மாதிரி இருக்குமா?” என்று கேட்டேன்.

“அதே குடும்பம்தான் மாமா. மாமரமும் முந்திரியும்கூட அதுதானே?”

அனகார்டியேசி. ‘பொருளாதார முக்கியத்துவம்: மா, முந்திரி’ என்று எழுதி, அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு, அதோடு அந்தக் குடும்பத்தை முடித்துக்கொண்டவர்கள் நாங்கள். மாம்பழக் காம்பின் பால் பட்டு உதட்டோரம் புண்ணாவதும், முந்திரிக்கொட்டை ஓடு உடைப்பவர்களின் விரல்கள் வெந்துபோவதும், பாஸ்டனில் ஒரு பெண் கையுறை மாட்டுவதும் ஒரே சங்கதி என்று எனக்கு இந்த வயதில்தான் ஒட்டவைத்துப் பார்க்கத் தோன்றியது.

அவளுக்குப் பிடித்த வேலை இன்னொன்று. வரைபடத்தை வைத்துக்கொண்டு மரம் மரமாகப் போய், அடிமரத்தில் தொங்கும் சின்ன உலோகத் தகடு இருக்கிறதா, பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒரு தகட்டில் 524-48 என்று இருக்கும். 1948-ஆம் ஆண்டின் 524-ஆவது வரவு என்று பொருள். பின்னால் வரும் எழுத்து, அந்த வரவில் முளைத்த சகோதரர்களில் இது எது என்று சொல்லும்.

அந்த 524 சாதாரண வரவல்ல. ஷிகேரு மிகி என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1941-இல் மெட்டாசெக்குவாயா என்ற மரத்தைப் புதைபடிவமாக மட்டும் கண்டு பெயர் வைத்தார். சில வருடத்திலேயே அது சீனாவின் உட்பகுதியில் உயிரோடு நிற்பது தெரியவந்தது. அர்னால்டு பூங்காவின் எல்மர் மெரில் 250 டாலர் அனுப்பி விதை சேகரிக்கச் சொன்னார். 1948 ஜனவரியில் விதைகள் வந்து சேர்ந்தன. தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை உலகமெங்கும் தோட்டங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். இவ்வளவும் அந்தத் தகட்டின் வழியாகத்தான் கைக்கு வருகிறது. தகடு விழுந்து, பதிவும் தொலைந்தால் மிஞ்சுவது நிழல். நிழலுக்குப் பல்கலைக்கழகம் எதற்கு?

இந்த வேலைக்கு அவளுக்குச் சம்பளம் உண்டு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே பல கல்லூரிகளில் இன்டர்ன்ஷிப் இப்போது கட்டாயமாகிவிட்டது. எனக்குத் தெரிந்த மாணவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு அலுவலகத்தில் நாற்காலி தேய்த்துவிட்டுச் சான்றிதழோடு வருகிறார்கள். சிலர் அந்தச் சிரமமும் இல்லாமல் பணம் கட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அனுபவம் தருகிறோம், கூலி எதற்கு என்று கேட்கிற இடத்தில், பஸ் காசுக்கு யோசிக்கிற வீட்டுப் பிள்ளை எப்படிச் சேரும்? ஐம்பது வருட வேம்பும் இலுப்பையும் நிற்கிற வளாகம் எத்தனையோ கல்லூரிக்கு இருக்கிறது. தாவரவியல் பிள்ளைகளுக்கு அங்கேயே ஒரு கோடையும் கொஞ்சம் கூலியும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தால் போதும். இப்போது இருப்பது ஆணியடித்த தகரப் பலகை. அதில் தாவரவியல் பெயரைவிட நன்கொடையாளர் பெயர் பெரிது.

“உங்க காலேஜ் மரங்களுக்குப் பதிவேடு இருக்கா மாமா?” என்று அவள் கேட்டாள். துறையில் இன்னும் வேலை பார்க்கும் நண்பரிடம் விசாரித்தேன். மேசை, நாற்காலி, நுண்ணோக்கி எல்லாவற்றுக்கும் ஸ்டாக் ரெஜிஸ்டர் இருக்கிறதாம். மரமும் ஏறும், ஆனால் புயலில் சாய்ந்து ஏலம் விடும்போதுதான். அப்போதும் இனத்தின் பெயர் எழுதுவதில்லை, எத்தனை டன் என்றுதான் எழுதுகிறார்கள்.