குட்டி யானை ஓட்டும் தம்பிகளுக்கு

மழைத் தண்ணீரில், துரைசாமி சப்வேயில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஊசியில்லாத சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்து அழுத்தினால் உள்ளே காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. வகுப்பில் செய்து காட்டுவேன், பிள்ளைகளுக்கு அவ்வளவு குஷி! இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தாலும் அதேதான். செல்ஃப் எடுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

என் கோபம் இன்சூரன்ஸ் மேல். சாதாரண பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மேற்கு மாம்பலம் மூழ்கியது. அதற்குப் பிறகும் பாலிசி விற்கும்போது இதைத் தமிழில் விளக்குகிறவர் யார்? பொடி எழுத்து ஆங்கிலத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். வண்டி நின்றால் வாடகை போச்சு, மாதத் தவணை நிற்குமா? புதுப்பிக்கும்போது, "தண்ணீர் புகுந்தால் இன்ஜினுக்குக் கிடைக்குமா?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.