காவிரிப் படுகைக்கு அடியில் என்ன இருக்கிறது? அந்த மேப் விவசாயிக்கும் வேண்டும்!

உங்கள் போனில் திசைகாட்டி ஆப் இருக்கிறதா? பூமியின் காந்தப் புலத்தை அளக்கும் குட்டி சென்சார் ஒன்று அதற்காகவே போனுக்குள் வேலை செய்கிறது. போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் வீடியோவும் திரும்புகிறதே, அதற்குக் காரணம் புவியீர்ப்பின் திசையை உணரும் இன்னொரு சென்சார். இதே இரண்டையும் பல மடங்கு துல்லியமாக அளந்தால், சில கிலோமீட்டர் ஆழத்தில் பாறை எங்கே மேடாக, எங்கே பள்ளமாக இருக்கிறது என்று கணிக்கலாம். ஒரு குழிகூடத் தோண்டாமல்!

காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயுத் தேடல் தொடங்கியது 1950-களின் இறுதியில். முதல் ஆழ்துளைக் கிணறு 1964-ல் தோண்டப்பட்டது. இத்தனை ஆண்டு ஆய்வில் என்ன தெரிந்தது என்று, அந்த மண்ணில் நடவு நடுகிறவர்களுக்கு யாராவது புரியும்படி சொன்னார்களா? பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

ஈர்ப்பு எப்படிப் பாறையைக் காட்டும்?

புவியீர்ப்பு 9.8 என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் அது இடத்துக்கு இடம் துளியூண்டு மாறும். மணல், களிமண், சுண்ணாம்பு எல்லாம் படிந்து உருவான பாறைகள் லேசானவை. பெரும்பாலும் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.2 முதல் 2.5 கிராம் வரை இருக்கும். அவற்றுக்குக் கீழே உள்ள பழமையான அடித்தளப் பாறை சுமார் 2.7 கிராம். ஆக, படிவு தடிமனாக இருக்கும் இடத்தில் ஈர்ப்பு கொஞ்சம் குறையும்.

எவ்வளவு குறையும்? அடர்த்தி வித்தியாசம் 0.3 என்று வைத்துக்கொண்டால், 1 கி.மீ. தடிமனான படிவுக்குச் சுமார் 12 மில்லிகால். நம் ஊரில் மொத்த ஈர்ப்பே சுமார் 9,78,000 மில்லிகால்! ஆனால், கிராவிமீட்டர் என்ற கருவி 0.01 மில்லிகால் மாற்றத்தைக்கூடப் பிடித்துவிடும். ஒரு மீட்டர் மேலே ஏறினாலே 0.3 மில்லிகால் குறையும் என்பதால், அளக்கும் இடத்தின் உயரத்தையும் கணக்கிட்டுக் கழித்துவிடுவார்கள்.

காந்தம் என்ன சொல்லும்?

படிவுப் பாறைகளில் காந்தத்தன்மை மிகக் குறைவு. அடித்தளப் பாறையில் மேக்னடைட் போன்ற கனிமங்கள் இருக்கும். அதனால், காந்தக் கருவிக்கு மேலே உள்ள படிவு கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. அதைத் தாண்டி அடித்தளம் 'தெரியும்'. மேப்பில் மாற்றம் கூர்மையாக இருந்தால் பாறை மேலே இருக்கிறது. அகலமாக, மழுங்கலாக இருந்தால் ஆழத்தில் இருக்கிறது. பொதுவாக இதுதான் விதி. இந்த அளவீட்டை விமானத்தில் பறந்தபடியே செய்யலாம்.

நம் ஊருக்கென்று ஒரு ட்விஸ்ட்டும் உண்டு. தென்னிந்தியாவின் முனையை ஒட்டித்தான் காந்த நடுக்கோடு போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்தப் பகுதியில் காந்தப் பாறைக்கு நேர் மேலே அளவு கூடாது, பெரும்பாலும் குறையும்! வட நாடுகளின் மேப்பைப் பார்த்துப் பழகியவர் இங்கே அப்படியே படித்தால் தலைகீழாகிவிடும்.

காவிரிக்கு அடியில்?

மேலே பார்த்தால் மேஜை போலச் சமதளம். கீழே அப்படியில்லை. கோண்டுவானா பெருநிலம் உடைந்தபோது இங்கே நிலம் பிளந்து, பள்ளங்களும் மேடுகளும் மாறி மாறி உருவாகின. அவை வடகிழக்கு – தென்மேற்காக நீள்கின்றன. அரியலூர் – புதுச்சேரி, தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் ஆகியவை பள்ளங்கள். கும்பகோணம், பட்டுக்கோட்டை – மன்னார்குடி வரிசைகள் புதைந்த மேடுகள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்குள், அடித்தளத்தின் ஆழம் கிலோமீட்டர் கணக்கில் மாறுகிறது.

அப்போ எண்ணெய் தெரிந்துவிடுமா?

தெரியாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈர்ப்பு குறைந்தால் படிவு தடிமனாக இருக்கலாம். அடியில் லேசான கிரானைட் புதைந்திருந்தாலும் அதே குறைவு வரலாம். ஒரே அளவுக்குப் பல விடைகள். அதனால்தான் அடுத்த கட்டமாக நில அதிர்வு ஆய்வும், கடைசியில் துளையிடுதலும் தேவைப்படுகின்றன. ஈர்ப்பு, காந்த ஆய்வு செய்வது ஒன்றுதான்: எங்கே தேட வேண்டாம் என்று சொல்லி, பரப்பைக் குறைக்கும்.

பிறகு ஏன் பயம்?

2017-ல் நெடுவாசலில் நடந்த போராட்டம் நினைவிருக்கும். 2020-ல் டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. அதன் பிறகும், கருவியோடு யாராவது வயலோரம் நின்றால் ஊரே பதறுகிறது. அந்தப் பதற்றத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. சர்வேதான் திட்டத்தின் முதல் படி என்பது மக்களுக்குத் தெரியும். தெரியாதது, எந்த சர்வே, எதற்காக, முடிவு யாரிடம் போகிறது என்பதுதான். கிராவிமீட்டர் வைத்து அளப்பதும், துளை போட்டு வெடிவைத்து நில அதிர்வு பார்ப்பதும், ரிக் நிறுத்துவதும் வேறு வேறு. யாரும் விளக்காதபோது, மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும்.

இந்த மேப் எண்ணெய்க்கு மட்டுமானதும் இல்லை. நிலத்தடி நீர் தாங்கும் படிவு எங்கே தடிமனாக இருக்கிறது, எந்தப் பிளவில் முடிகிறது, நிலநடுக்கம் வந்தால் எங்கே அதிர்வு பெருகலாம் என்பதற்கெல்லாம் அடித்தளத்தின் வடிவம் அடிப்படைத் தகவல். நாடு முழுவதற்குமான ஈர்ப்பு மேப் 2006-ல் வெளியானது. ஹைட்ரோகார்பன் துறைக்கும் புவியியல் ஆய்வுத் துறைக்கும் தரவுத் தளங்கள் உண்டு. ஆனால் தாலுகா பெயரைத் தட்டினால் எளிய தமிழில் விளக்கம் வரும் இடங்கள் அல்ல அவை; துறைக்காரர்களுக்கான வடிவில் இருப்பவை.

செய்ய வேண்டியது பெரிய விஷயம் இல்லை. சர்வே குழு வருவதற்கு முன்பே, எந்தக் கருவி, எத்தனை நாள், எதற்காக என்று ஊராட்சியில் தமிழில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். முடிந்ததும், தாலுகா அளவில் ஒரு எளிய மேப்பும் ஒரு பக்க விளக்கமும் கிராம சபைக்கு வர வேண்டும். அதில் 'இது உறுதி, இது ஊகம்' என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

திட்டம் வேண்டும் என்பவர்களிடம் அந்த மேப் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டாம் என்பவர்களின் கையிலும் அதே மேப் இருந்தால்தான் அது சமமான வாதம்.