குத்திய முத்திரைக்கு யார் பொறுப்பு?

மல்லாட்டை அறுவடைக் காலத்தில் எங்கள் செஞ்சிக் கடைத்தெருவில் நின்று பார்த்தால், வணிகவியல் பாடநூலின் பல அத்தியாயங்கள் உயிர்பெற்று நடமாடுவதைக் காணலாம். மூட்டையை நிறுத்துப் போட்ட விவசாயி முதலில் கேட்பது, "ரொக்கமா, செக்கா?" செக் என்றால் அடுத்த கேள்வி, "கணக்குல பணம் இருக்குதா?" அந்த ஐயத்திற்கு விடையாகப் பிறந்ததே 'மார்க்' செய்த காசோலை. பணம் உண்டு, கொடுப்போம் என்று காசோலையின் முகத்திலேயே வங்கி எழுதி முத்திரையிட்டுத் தருவது. அந்த முத்திரையே முறைதவறி இடப்பட்டிருந்தால் நட்டம் யார் தலையில் விழவேண்டும்?

இக்கேள்வி நம் நாட்டிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. பேங்க் ஆப் பரோடாவுக்கும் பஞ்சாப் நேஷனல் பேங்குக்கும் நடந்த வழக்கு. தீர்ப்பு 1944-இல் வந்தது. பரோடா வங்கியின் மேலாளர், தேதி வராத காசோலை ஒன்றில், 20-6-39 அன்று பணம் தரத்தக்கது என்று குறித்துக் கொடுத்தார். அதை நம்பி மற்ற வங்கி பணம் கொடுத்தது. காசோலை செல்லவில்லை. மார்க் செய்தல் சட்டப்படியான 'ஏற்பு' ஆகாது. பின்தேதியிட்ட காசோலையை மார்க் செய்ய மேலாளருக்கு அதிகாரமும் இல்லை. அது வழக்கத்தில் இல்லாத செயலாதலால் அதிகாரம் உண்டென்று பிறர் நம்பவும் இடமில்லை என்பது தீர்ப்பு. பரோடா வங்கி தப்பியது.

அத்தீர்ப்பை நான் குறைகூற வரவில்லை. வரப்போகும் நாளில் கணக்கில் பணம் இருக்கும் என்று இன்றே உறுதிகூற மேலாளர் என்ன சோதிடரா? ஏமாந்ததும் ஒரு வங்கி. தொழில் வழக்கம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆலம்பூண்டியிலிருந்து மூட்டை கொண்டுவந்த விவசாயிக்கும் இதே அளவுகோல்தானா? மேலாளரின் அதிகாரப் பத்திரத்தை அவர் கேட்டுப் பார்க்க முடியுமா? இராஜகிரி வாயிலில் காவலனை நிறுத்தியவர் அரசர்; காவலன் தவறினால் ஊரார் மீது பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் மார்க் செய்தலைப் பற்றி ஒரு பிரிவும் இல்லை. 31-ஆம் பிரிவின்படி, பணம் தர மறுத்த வங்கி ஈடுசெய்ய வேண்டியது காசோலை எழுதியவருக்கே. கையில் வைத்திருப்பவருக்கு அன்று. 1989-இல் நடைமுறைக்கு வந்த 138-ஆம் பிரிவு எழுதியவரைத் தண்டிக்கிறது, வங்கியைத் தொடுவதில்லை. அமெரிக்காவிலோ சான்றிட்ட காசோலை ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். முறையின்றிப் பணம் மறுக்கும் வங்கி செலவும் வட்டியும் சேர்த்துத் தரவேண்டி வரும்.

2021 முதல் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட காசோலைகளின் விவரத்தை எழுதியவரே முன்கூட்டி வங்கிக்குத் தெரிவிக்கும் 'பாசிட்டிவ் பே' ஏற்பாடு வந்துள்ளது. மோசடியைத் தடுக்கும், நல்லதுதான். ஆயினும் பணம் வரும் என்ற உறுதியைப் பெறுபவருக்கு அது தரவில்லையே!

சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்க வேண்டும் என்பது என் துணிபு. தேதி வந்த காசோலையில் வங்கி முத்திரை விழுந்தால், நல்லெண்ணத்துடன் பெற்ற பொதுமகனுக்கு வங்கியே பொறுப்பு. பிறகு தன் அதிகாரியிடம் அது வசூலித்துக்கொள்ளட்டும். அதுவரை, பெருந்தொகைக்கு டிமாண்ட் டிராப்ட் கேட்பதே நலம். அதில் பணம் தரவேண்டியது வங்கியே. கமிஷனை மூட்டை வாங்குபவர் கட்டட்டும்.