பழைய தட்டு, புதிய உறை

தில்லியில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் ஒரு கடை. ஆண்டு 2002. ஹிந்தி சினிமாப் பாட்டுத் தட்டுகளைத் தேடிக்கொண்டிருந்த எடோ பூமன் என்ற டச்சுக்காரர் அங்கே ஒரு எல்.பி.யைக் கையில் எடுத்தார். தலைப்பு 'சிந்தஸைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. வாசித்தவர் பெயர் சரண்ஜித் சிங். பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்திருக்கிறார் என்றால் வேடிக்கைச் சரக்காகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். தட்டைச் சுழலவிட்டபோது வந்த சத்தமோ வேறு மாதிரி இருந்தது.

சரண்ஜித் சிங், பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் கிடாரும் பாஸ் கிடாரும் வாசித்துப் பிழைத்தவர். ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் போன்றவர்களின் பாடல்களில் அவர் கை உண்டு. ஆனால் உறைகளில் பெயர் இருக்காது. 1982-ல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி தயாரித்த மூன்று கருவிகளை, இரண்டு சிந்தஸைசர்களையும் ஒரு தாள யந்திரத்தையும், இணைத்து பைரவி, லலித், பூபாலி என்று தனியாளாக வாசித்துப் பதிவு செய்தார். எச்.எம்.வி. வெளியிட்டது. விற்கவில்லை. அதே கருவிகளிலிருந்து சிகாகோ இளைஞர்கள் ஒரு புதுவகை நடன இசையைக் கறந்து, அதற்கு 'ஆசிட் ஹவுஸ்' என்று பெயர் வந்ததெல்லாம் 1987-ஐ ஒட்டித்தான். பூமன் மும்பையில் சிங்கைத் தேடிப்பிடித்துச் சந்தித்தார். 2010-ல் தன் 'பாம்பே கனெக்‌ஷன்' மூலம் அந்தத் தட்டைப் புதிதாக வெளியிட்டார். இது 1982-ல் பதிவானதா, இல்லை, யாரோ குறும்புக்காரர் செய்த ஏமாற்று வேலையா என்று மேற்கே சிலர் சந்தேகப்பட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய சிங், ஐரோப்பிய மேடைகளில் நேரில் வாசித்துக் காட்டி அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தார். 2015 ஜூலையில் மும்பையில் இறந்தார்.

பழைய தட்டு வாங்குவதா, புதியதா என்று இசை சேகரிப்பவர்களுக்குள் ஓயாமல் நடக்கும் வழக்கில் இரு தரப்புக்குமே சாட்சி சொல்லக்கூடிய கதை இது. 1982-ல் அச்சான தட்டு ஒன்று கை மாறிக்கொண்டே போகிறது. வீட்டுக்காரர் காயலான் கடைக்காரருக்குப் போடுகிறார். அவரிடமிருந்து மும்பை சோர் பஜார் வியாபாரி வாங்குகிறார். அவரிடமிருந்து வெளிநாட்டு வியாபாரி. ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது, ஒவ்வொருவரும் லாபம் பார்க்கிறார்கள். வாசித்தவருக்கு மட்டும் ஒரு பைசா கிடையாது. அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய தட்டு அரும்பொருளாகி, அவருக்குத் தெரியாமலே ஏலம் போகலாம். அவர் பெயர் மறுபடி அடிபட்டு, மேடையும் வரும்படியும் கிடைத்தது மறுபதிப்பு வந்த பிறகுதான். ஆகவே நியாயம் பார்ப்பவர் புதியதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் தில்லிக் கடைக்காரர் அந்தப் பழைய தட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தானே புதிய தட்டே பிறந்தது?

இந்தியச் சட்டத்துக்கு இதில் ஒரு விசித்திரமான முகம் உண்டு. ஓவியர், சிற்பி ஆகியோரின் மூலப் படைப்பு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அதில் ஒரு பங்கு கேட்கும் உரிமையைக் காப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு அவருக்கோ வாரிசுக்கோ தருகிறது. மூலக் கையெழுத்துப் பிரதிக்கும் இது பொருந்தும். இசைத்தட்டுக்கு இது கிடையாது. அது மூலமல்ல, பிரதி. அது போகட்டும். 1994-ல் வந்த திருத்தம் இதைவிட வேடிக்கை. ஒலிப்பதிவின் எந்தப் பிரதியையும் 'முன்பு விற்கப்பட்டதா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல்' விற்கும் உரிமை, உரிமையாளருக்கே என்று அது எழுதிவைத்தது. வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், கல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய தட்டு அடுக்கி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சட்டத்தை மீறியவர்கள். அவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. 2012 திருத்தத்தில் அந்தச் சொற்றொடர் சத்தமில்லாமல் போய்விட்டது. அதே திருத்தம்தான், ஜாவேத் அக்தர் போன்றவர்கள் போராடியதன் பலனாக, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்கள் பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி செய்தது. கம்பெனிக்கு மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற தலைமுறைகளுக்குப் பிறகு வந்த மாற்றம்.

நியாயத்தை விட்டு காதுக்கு வருவோம். இந்தியாவில் பழைய எல்.பி. வாங்குபவர் கண்ணை நம்பினால் மோசம் போவார். தட்டு பளபளவென்று இருக்கும், ஒரு கீறல் தெரியாது. வீட்டில் வைத்தால் பாடகி உச்ச ஸ்தாயிக்குப் போகும் இடமெல்லாம் கரகரவென்று உடையும். காரணம் கீறல் அல்ல, தேய்மானம். எழுபதுகளில் நடுத்தர வீடுகளில் பாடிய எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரியான பெட்டிகளின் ஊசி, தட்டின் மேல் பல கிராம் எடையோடு அழுத்திக்கொண்டு போனது. இன்றைய நல்ல கருவிகள் அழுத்துவது சுமார் இரண்டு கிராம். அந்த வீடுகளில் ஊசியை மாற்றுவதும் அபூர்வம். பிடித்த பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதனால் ஒரே தட்டில் யாரும் கேட்காத பாட்டு புத்தம் புதிதாகவும், பிரபலமான பாட்டு அரைத்த மாவாகவும் இருக்கும். வாங்கும்போது ஹிட் பாட்டைத்தான் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். தட்டு வியாபாரத்தில் தரம் குறிக்கும் சொற்களும் ஏமாற்றும். உலக வழக்கப்படி 'குட்' என்று எழுதியிருந்தால் அது நன்றாக இல்லை என்று அர்த்தம். 'வெரி குட் பிளஸ்' என்றால்தான் நிம்மதியாகக் கேட்கலாம்.

இதற்கு மேல் பருவநிலை வேறு. மும்பை, கொல்கத்தா மழைக்காலத்தில் பாலிதீன் உறைக்குள் பூஞ்சை பிடிக்கும். பரணில் படுக்கவைத்த தட்டு கோடையில் வளைந்து அப்பளமாகும். பூஞ்சையைப் பொறுமையாகக் கழுவி எடுக்கலாம். வளைவு முழுதாக நிமிர்வது கஷ்டம். தேய்ந்துபோன காடியை எந்த மருந்தும் திருப்பித் தராது.

அப்படியானால் புதியது? விலை பெரும்பாலும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். கனமான தட்டு, மொடமொடப்பான உறை. ஆனால் உறையைப் படித்துவிட்டுக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எதிலிருந்து வெட்டப்பட்டது? மூல ஒலிநாடாவிலிருந்து நேராகவா, அல்லது என்றைக்கோ குறுந்தகட்டுக்காகச் சுத்தம் செய்து வைத்த டிஜிட்டல் கோப்பிலிருந்தா? இரண்டாவது என்றால், பெரிய கறுப்பு வட்டத்தில் குறுந்தகட்டைத்தான் கேட்கிறோம். அது குற்றமில்லை, நன்றாகச் செய்தால் இனிமையாகவே இருக்கும். சொல்லாமல் விற்பதுதான் வம்பு. அமெரிக்காவின் மொபைல் ஃபிடலிட்டி நிறுவனம், டிஜிட்டலே தொடாதது என்று வாங்குவோர் நம்பி நூறு டாலருக்கு மேல் கொடுத்த தட்டுகளின் தயாரிப்பில் டிஜிட்டல் படி ஒன்று இருந்தது 2022-ல் வெளியே வந்தது. வழக்குகள் தொடரப்பட்டன. பல ஆண்டுகளாக அந்தத் தட்டுகளைக் கேட்டு 'ஆஹா, அசல் நாடாவின் வாசனை' என்று எழுதிவந்த நிபுணர்களின் பாடுதான் பரிதாபம். அவர்கள் காது அதுவரை எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தியாவில் எல்.பி. தயாரிப்பு தொண்ணூறுகளின் தொடக்கத்தோடு ஏறக்குறைய நின்றுபோனது. எண்பதுகளில் கேஸட் அடித்த அடியில் தட்டுக் கடைகள் ஒவ்வொன்றாகச் சரக்கை மாற்றின. பின்பு மறுபதிப்புகள் வரத் தொடங்கியபோது அவை வெளிநாட்டு ஆலைகளில் அழுத்தப்பட்டு வந்தன. 2024-ல்தான் மும்பையில் ஒரு நிறுவனம் மறுபடி தட்டு அழுத்தும் வேலையைத் தொடங்கியது. அதற்குள் மும்பையின் பெயர்பெற்ற ரிதம் ஹவுஸ் 2016-ல் கதவைச் சாத்திவிட்டது. புதிய தட்டின் காலம் திரும்பியபோது புதிய தட்டு விற்ற பழைய கடை இல்லை.

ஆனால் இந்தப் பழசு-புதுசு வாதமே எடுபடாத ஓர் உலகம் உண்டு. அது 78 சுற்றுத் தட்டுகளின் உலகம். அங்கே பெரும்பாலானவற்றுக்குப் புதியது என்பதே கிடையாது. 1902-ல் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தது முதல் 1970 வாக்கில் இந்த வகை மறையும் வரை, மூன்று மூன்று நிமிடங்களாக இந்தியா இதில்தான் பாடியது. முதலில் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகி வந்தன. 1908-ல் கல்கத்தா சியால்தாவில் ஆலை வந்தது, பிறகு டம்டம். இதில் இன்னொரு சுவாரசியம்: உலகம் முழுவதும் இந்தத் தட்டுகளுக்கு வேண்டிய அரக்கு பெருமளவு இந்தியாவிலிருந்துதான் போனது. சோட்டாநாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சி சுரப்பது. நியூயார்க்கில் பாடியவரின் குரலும் ராஞ்சிப் பக்கத்து அரக்கில்தான் பதிந்தது.

அரக்குத் தட்டு என்பதை மறந்து, எல்.பி.க்குப் போடும் ஸ்பிரிட்டால் துடைத்தால் தட்டே கரையும். இப்படி ஒரு மாலைப்பொழுதில் தங்கள் சேகரிப்பைத் தாங்களே அழித்தவர்கள் உண்டு. எல்.பி. ஊசியும் இதற்கு ஆகாது. 78-ன் காடி மூன்று மடங்கு அகலம், மெல்லிய ஊசி அடியில் உள்ள அழுக்கில் போய் உரசும். பழைய எஃகு ஊசியோடு இருக்கும் சாவி கொடுக்கும் பெட்டியில் எல்.பி.யை வைப்பது அதைவிட மோசம். ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

மேற்கே 78 செத்த பிறகும் இங்கே உயிரோடு இருந்ததற்குக் காரணம் எளிது. மின்சாரம் எட்டாத ஊர்களில் கை கிராமபோன்தான் இருந்தது. அதனால் அறுபதுகளில் பீட்டில்ஸ் பாட்டுகள்கூட டம்டமில் 78 தட்டாக அச்சாயின. இன்று உலகச் சேகரிப்பாளர்கள் அந்த இந்தியத் தட்டுகளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். பீட்டில்ஸ் பாட்டு எங்கும் கிடைக்கும், அந்தத் தட்டு கிடைக்காது. அங்கே விலை இசைக்கல்ல, பொருளுக்கு. இதை ஒப்புக்கொண்டு சேகரிப்பவரிடம் குறை காண ஒன்றுமில்லை. இசைக்காகத்தான் வாங்குகிறேன் என்று சாதிப்பவர்தான் கொஞ்சம் சிரிப்பு மூட்டுகிறார்.

கௌஹர் ஜானின் காலத்துக் கலைஞர்கள் பலரின் குரலுக்கு எஞ்சியிருக்கும் ஒரே ஆதாரம், யார் வீட்டிலோ உடையாமல் தப்பிய தட்டுதான். 1990-ல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்ல, சோர் பஜார் நடைபாதையில் ஞாயிறுகளைக் கழித்தவர்கள். மறுபதிப்பு போட விரும்பும் கம்பெனியோ ஆராய்ச்சியாளரோ கடைசியில் இப்படிப்பட்டவர்களின் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. இங்கே பழைய தட்டு வாங்குபவர் கலைஞரின் வயிற்றில் அடிக்கவில்லை. இந்தியாவில் ஒலிப்பதிவுக் காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 வருடங்கள்தான். கௌஹர் ஜான் காலத்துப் பதிவுகள் எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டன. பாட்டுக்கும் மெட்டுக்கும் உரிய கணக்கு தனி. அதனால் மிகப் பழைய குரல் ஒன்றை யாரோ புதிய உறையில் போட்டு மூவாயிரம் ரூபாய்க்கு விற்றால், பாடியவரின் பேரனுக்குப் போகிறது என்று நம்பிக்கொண்டு வாங்க வேண்டியதில்லை.

உயிரோடிருக்கும் கலைஞர், கையில் புதிய தட்டோடு நிற்கிறார் என்றால் அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அதில் பேரம் கூடாது. பெரிய கம்பெனி நூறாவது தடவை வெளியிடும் பழைய ஹிந்திப் படப் பாட்டு என்றால், தேயாத பழைய தட்டு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது கூசத் தேவையில்லை. இடைப்பட்டவைதான் தொல்லை. அவற்றுக்கு விதி போட முடியாது.

சேகரித்தவர் இறந்த வீடுகளில் இந்தத் தராதரம் எதுவும் செல்லாது. பிள்ளைகளுக்குத் தெரிந்தது அலமாரியை அடைத்த பாரம். சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரியும் வரை அங்கே வந்து சேர்ந்த மூட்டைகளும் அப்படிப்பட்டவைதான். வியாபாரி மொத்தமாக ஒரு விலை பேசி எடுத்துப்போய்த் தரையில் கொட்டிப் பிரிக்கிறார். ஆர்.டி. பர்மன் ஒரு பக்கம், 'ஷோலே' வசனத் தட்டு ஒரு பக்கம். அவற்றின் விலை அவருக்கு அத்துபடி, கைப்பேசியிலேயே பார்த்துவிடுவார். மராத்தி நாட்டிய சங்கீதம், வங்காள நகைச்சுவைத் தட்டு, பெயர் தேய்ந்துபோன ஏதோ ஒரு பாயியின் டும்ரி, இவையெல்லாம் மிச்சக் குவியல். எது எடுத்தாலும் ஒரே விலை. அதைப் புரட்ட வேண்டுமானால் மண்டியிட்டுத்தான் உட்கார வேண்டும். இப்போதெல்லாம் அங்கே உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு முட்டி வலி.